அளவு பூஜ்யம், இடம் இருபது

குரு என்றதும் தாடியையும் ஆலமரத்தையும் தேடிப் போகாதீர்கள். ஊமைப்பாறை ஆசிரமத்தின் குரு ஒரு அம்மா. பெயர் உலகம்மாள், வயது ஐம்பது. வெள்ளைச் சேலை, மூக்குக்கண்ணாடி, இடுப்புச் செருகலில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். துறவுக்கு முன்னால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். சீடர் வைகுண்டம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், வயது அறுபத்தொன்று. அதனால் குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். சீடர் குருவை ‘அம்மா’ என்பார். இதில் ரெண்டு பேருக்குமே ஒரு சங்கடமும் இல்லை.

சங்கடமெல்லாம் வைகுண்டத்தின் வயிற்றுக்குள் இருந்தது. மனுஷருக்கு எதற்கெடுத்தாலும் பயம். கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். இந்தப் பயத்தைத் தொலைக்கத்தான் ஆசிரமத்துக்கே வந்தார். வந்த இடத்தில் அது தொலையவில்லை. அவரோடு சேர்ந்து அதுவும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குப் பயம் இருந்ததில்லை. துண்டு. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு எங்கிருந்துதான் வீரம் வருமோ தெரியாது.

“யாரு துண்டு இது?”

“ஆள் வருது அண்ணாச்சி.”

“வரட்டும், வந்து நிக்கட்டும். ஆள் இல்லாத சீட்டு காலி சீட்டு.”

துண்டைச் சுருட்டி, போட்டவர் மடியிலேயே எறிந்துவிட்டு, கம்பியைப் பிடித்து நிற்கிற பிள்ளைத்தாய்ச்சியை உட்காரவைப்பார். சர்வீஸ் முழுக்க இதே சண்டை. இதற்காக அடிகூட வாங்கியிருக்கிறார். இந்தத் துண்டுச் சங்கதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உலகம்மாளுக்கு முன்னால் ஆசிரமத்தில் இருந்தவர் பெரிய ஐயா. அவர் பேச்சு ஒரு தினுசு. ஒரு வார்த்தை சொல்வார், கண்ணை மூடிக்கொள்வார். கேட்க வந்தவர்கள் உட்கார்ந்தே இருப்பார்கள். காக்கா கத்தும், வெயில் நகரும். பிறகு இன்னொரு வார்த்தை வரும். சில நாள் அந்த இன்னொரு வார்த்தை சாயங்காலம்தான் வரும். வாசலில் மைக் வைத்து இதையெல்லாம் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தவர் உலகம்மாள்தான். வருஷக்கணக்கான பேச்சும் ஒரே ஃபைலாகச் சேர்ந்து கிடந்தது. பெரிய ஐயா போன பிறகு வெள்ளிக்கிழமை தோறும் அதிலிருந்து கொஞ்சம் போட்டுக் கேட்பார்கள். அவருடையது என்று ஆசிரமத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு ஃபைல்தான்.

இப்படி இருக்கும்போது அம்மாவின் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால் உயிர் நிற்கும், குரல் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேதியும் குறித்தாயிற்று. புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்மா கடைசியாக ஒருமுறை பேசுவது, பதினோரு மணிக்குக் கார் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று ஏற்பாடு. அதுவரைக்கும் வாயைத் திறக்கவே கூடாது, இருக்கிற குரலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது டாக்டர் உத்தரவு. அம்மா திங்கள்கிழமையே பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நிறுத்துவதற்கு முன்னால் வைகுண்டத்திடம் ஒரு வேலை ஒப்படைத்தார். கம்ப்யூட்டரின் பழைய டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. எந்த நிமிஷமும் போய்விடும். புதிய டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டி, பெரிய ஐயாவின் ஃபைல் அதில் போய்ச் சேர எல்லாம் தயார்செய்து வைத்துவிட்டு, “நீங்க இந்தப் பட்டனை அழுத்துனா போதும் அண்ணாச்சி” என்று சொல்லியிருந்தார்.

வைகுண்டம் அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் முடிந்தது என்று திரை சொன்னது. அத்தோடு எழுந்து போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பூட்டை இழுத்துப் பார்க்கிற கை சும்மா இருக்குமா?

மவுஸை ஃபைலின் மேல் வைத்து விவரத்தைத் திறந்தார். ரெண்டு வரி வந்தது.

அளவு: தொண்ணூறு ஜிபி.

டிஸ்கில் பிடித்திருக்கும் இடம்: ஏழு ஜிபி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தொண்ணூறு, ஏழு. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தார். அதே தொண்ணூறு, அதே ஏழு. தொண்ணூறு பேருக்கு டிக்கெட் கிழித்துவிட்டு வண்டிக்குள் எண்ணிப் பார்த்தால் ஏழு தலைதான் இருக்கிறது என்றால் ஒரு கண்டக்டர் என்ன நினைப்பார்? மிச்ச எண்பத்து மூன்று பேர் எங்கே இறங்கினார்கள்? எங்கே விழுந்தார்கள்?

‘ஐயோ, ஐயாவைத் தொலைச்சிட்டேனே!’ என்று மனசுக்குள் அலறினார். பெயர் வந்துவிட்டது, அளவு வந்துவிட்டது, உள்ளே இருந்தவர் வரவில்லை.

அம்மாவிடம் ஓடலாம். ஓடத்தான் எழுந்தார். வாசல்வரை போனார். அம்மா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். போய்ச் சொன்னால் பதில் சொல்வார். பதில் சொன்னால் தொண்டை போகும். நாளைக்குப் பேச வைத்திருக்கிற குரலைத் தன் பொருட்டு இன்றைக்கே செலவழிப்பதா என்று நினைத்து, வந்த வழியே திரும்பிவிட்டார். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணம்தான் அவரைக் குழியில் இறக்கியது.

பழைய டிஸ்கில் ஃபைல் இன்னும் இருந்தது. தனக்குத் தெரிந்த மாதிரி, மவுஸால் பிடித்து இழுத்துப் போட்டு, மறுபடியும் காப்பி எடுப்பது என்று முடிவு செய்தார். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. தொண்ணூறு வேண்டும், அவ்வளவு இடம் இல்லை என்றது. ஏழு பிடித்திருந்த அந்தப் பொத்தல் காப்பியைத் தூக்கி எறிந்தார். அப்போதும் இருபது ஜிபி பற்றவில்லை. டிஸ்கில் வேறு என்னதான் இருக்கிறது என்று பார்த்தார். மெஷின் ஓடுவதற்கு வேண்டியது போக, பெயர்கூட வைக்காத ஒரு ஃபைல் கிடந்தது.

அளவு: பூஜ்யம்.

டிஸ்கில் பிடித்திருக்கும் இடம்: இருபது ஜிபி.

திறந்து பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருபது ஜிபி இடத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு என்ன திமிராகக் கிடக்கிறது! அவ்வளவு கலக்கத்திலும் பழைய வீரம் எட்டிப் பார்த்துவிட்டது.

“யாரு துண்டு இது?” என்று திரையைப் பார்த்துக் கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. அழித்தார்.

இந்தத் தடவை காப்பி ஓட வெகு நேரம் ஆனது. பழைய டிஸ்க் செத்துப்போகிற கோழி மாதிரி கத்திக்கொண்டே கிடந்தது. முடிந்ததும் வைகுண்டம் விவரத்தைத் திறந்தார். அளவு தொண்ணூறு, பிடித்த இடம் தொண்ணூறு. டிக்கெட்டும் தலையும் சரியாக இருந்தது. “அப்பாடா” என்று அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். பழைய டிஸ்க் கடைசியாக ஒரு தரம் கடக்கென்று சொல்லி அடங்கிப்போனது. அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை. ‘போனால் போகிறது, ஆளைக் கரையேற்றிவிட்டுத்தானே போனது’ என்று ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

அன்றைக்கு அவர் நன்றாகத் தூங்கினார். பாவம்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அம்மா மைக்கைச் சரிபார்க்க வந்தார். அடிவாரத்தில் வண்டிகள் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. வருகிறவர்கள் செல்போனைக் கீழேயே ஒப்படைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும், அது பெரிய ஐயா காலத்து வழக்கம். சமையற்கட்டில் பிச்சம்மாள் காப்பிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அம்மா பதிவுப் பட்டனை அழுத்தினார்.

‘இடம் போதாது’ என்றது திரை.

அம்மா மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதேதான். விவரத்தைத் திறந்து பார்த்தார். டிஸ்க் விளிம்புவரை நிறைந்திருந்தது. திரும்பி வைகுண்டத்தைப் பார்த்தார். வைகுண்டம் கையில் காப்பி டம்ளரோடு நின்றார்.

இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேலாகப் பூட்டி வைத்திருந்த வாயை அம்மா திறந்தார். குரல் உமியைத் தேய்த்த மாதிரி வந்தது.

“இங்க ஒண்ணு இருந்துச்சே அண்ணாச்சி. அளவு பூஜ்யம்னு.”

“அம்மா, பேசாதீங்கம்மா! டாக்டரு…”

“எங்க அது?”

“அது காலியா கெடந்துச்சும்மா. எடுத்துட்டேன்.”

“காலியா?”

“உள்ள ஒண்ணுமே இல்லம்மா. தெறந்து பாத்தேன், காத வச்சிக் கேட்டேன். ஒண்ணும் இல்லாம சும்மா இருபது இடத்த அமுக்கி வச்சிருந்துச்சு.”

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அது நான்தான்,” என்றார்.

வைகுண்டத்துக்கு முதலில் புரியவில்லை.

“இன்னைக்குப் பேசப்போறது. பேசிக்கிட்டு இருக்கும்போதே இடம் இல்லன்னு நின்னுரக் கூடாதுல்லா? அதான் துண்டு போட்டு வச்சேன்.”

துண்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், வைகுண்டத்துக்குக் கை கால் ஓடவில்லை. காப்பி வேட்டியில் கொட்டியது. சுட்டதுகூட உறைக்கவில்லை.

“டவுனுக்குப் போயி வேற டிஸ்க் வாங்கியாறேன்மா. இந்தா ஓடுதேன்.”

“பஸ் எத்தனை மணிக்கு?”

பஸ் நேரம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? போய்வரப் பதினொன்றாகிவிடும். கடை வேறு பத்து மணிக்குத்தான் திறக்கும். போனில் பதியலாம் என்றால், வந்தவர்கள் போனை மேலே ஏற்ற அம்மா சம்மதிக்க மாட்டார். பிச்சம்மாளிடம் ஒரு போன் இருந்தது. அது பட்டன் போன், ‘ஹலோ’ சொல்வதற்கே அதை ரெண்டு தட்டுத் தட்ட வேண்டும். வைகுண்டம் திரையைப் பார்த்தார். டிஸ்கில் இருப்பது ஒன்றே ஒன்று. பெரிய ஐயா. அவரை எடுத்தால் அம்மாவுக்கு இடம் கிடைக்கும். அம்மாவை விட்டால் ஐயா இருப்பார். பழைய டிஸ்கும் செத்தாயிற்று. ரெண்டில் ஒன்றைத் தன் கையாலேயே முடிக்க வேண்டும் என்று நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தோரு வயது மனுஷர், ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

“எதுக்கு ரெண்டாந்தரம் காப்பி எடுத்தீங்க?” என்று அம்மா கேட்டார்.

விக்கி விக்கிச் சொன்னார். தொண்ணூறையும் ஏழையும் சொன்னார். அம்மாவைப் பேசவைக்கக் கூடாது என்று கேட்காமல் இருந்ததையும் சொன்னார். சொல்லச் சொல்ல, தன்னால் அம்மா இவ்வளவு வார்த்தையைச் செலவழித்துவிட்டாரே என்பது வேறு அவர் நெஞ்சை அறுத்தது.

அம்மா கோபப்படவில்லை.

“உங்க கடைசி ரூட் எது அண்ணாச்சி?”

“இப்ப எதுக்கும்மா அது?”

“சொல்லுங்க.”

“மேலக்கோட்டைல இருந்து உவரிக்காடு.”

“எத்தனை கிலோமீட்டர்?”

“நாப்பத்திரெண்டு.”

“ஸ்டாப்?”

“பதினொண்ணு.”

“மிச்ச இடத்துல?”

“என்ன இருக்கும்? பொட்டக்காடுதான். ஒடமரமும் கல்லும். ஒருத்தன் ஏறமாட்டான், ஒருத்தன் எறங்கமாட்டான்.”

“அப்ப ரூட்டு பதினொண்ணுதானா?”

“அதெப்படிம்மா? காட்டத் தாண்டாம உவரிக்காடு வந்துருமா? காடும் ரூட்டுதான்.”

“டிப்போவுல எழுதி வச்சிருக்கது எத?”

“ஸ்டாப்பத்தான். காட்ட எவன் எழுதுவான்? இந்த ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் இத்தன தூரம்னு போட்டிருக்கும், அவ்வளவுதான்.”

அம்மா திரையைக் காட்டினார்.

“ஐயா ரூட்டு தொண்ணூறு. ஸ்டாப் ஏழு.”

வைகுண்டத்தின் அழுகை பாதியில் நின்றது.

“ஐயா பேசாம இருக்கும்போது நம்ம மெஷின் ஒண்ணும் எழுதாது. இத்தன தூரம் தாண்டிப்போன்னு மட்டும் வச்சிக்கிடும். கேக்கும்போது அத்தன நேரமும் சும்மா இருந்துட்டு அடுத்த வார்த்தைக்கு வரும்.” அம்மாவுக்கு இருமல் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தார். “நீங்க ரெண்டாந்தரம் இழுத்துப் போட்டீங்கல்லா? அது காட்டுலயும் அடிக்கு ஒரு ஸ்டாப்பு போர்டு நட்டிருச்சு. எதுவும் எழுதாத போர்டு.”

“அப்ப தொலையலியா? மொதல்லயே எல்லாம் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“ஐயோ, நான் பாவி…”

“பெறகு அழுங்க. இப்ப போர்டெல்லாம் பிடுங்கணும்.”

அம்மா விசைப்பலகையை இழுத்து ஒரு வரி தட்டினார். வெறுமையாகக் கிடக்கிற இடமெல்லாம் எங்கெங்கே என்று தேடி, அதை டிஸ்குக்கே திருப்பிக் கொடுக்கிற கட்டளை. தட்டிவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“அழுத்துங்க.”

“நானா? என்னால ஆகாதும்மா. இருக்கதே இது ஒண்ணுதான். ஐயாவோட கழுத்துல கை வைக்க மாதிரி இருக்கு. நீங்களே அழுத்துங்க.”

“நான் அழுத்துனா நீங்க சாகுறமட்டும் பூட்ட இழுத்துப் பாத்துக்கிட்டே இருப்பீங்க.”

வைகுண்டம் விரலை நீட்டினார். விரல் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

திரையில் பிடித்த இடம் தொண்ணூறு என்று இருந்தது எண்பத்தெட்டு ஆனது. பிறகு எண்பத்து மூன்று. வைகுண்டம் மூச்சை விடவில்லை. வெளியே ஜனங்கள் பாய் விரித்து உட்காருகிற சத்தம் கேட்டது. எழுபது. காட்டைத்தான் எடுக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அறுபத்தொன்று. காடுதானா? ஸ்டாப்பையும் சேர்த்துப் பிடுங்கினால் யாருக்குத் தெரியும்? நாற்பத்தைந்து. “அம்மா, நிறுத்திருவோமா?” என்றார். வேண்டாம் என்று அம்மா தலையை ஆட்டினார். இருபத்தெட்டு. வியர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. பத்தொன்பது. ‘பெரிய ஐயா, என்னை மன்னிச்சிருங்க’ என்று முணுமுணுத்தார். பதினொன்று, ஒன்பது, எட்டு.

ஏழில் நின்றது.

அளவு மட்டும் தொண்ணூறாகவே இருந்தது.

“கேட்டுப் பாருங்க,” என்றார் அம்மா. குரல் இன்னும் கம்மியிருந்தது. “எங்க வேணும்னாலும் தொடுங்க.”

வைகுண்டம் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் எங்கேயோ தொட்டார். பெரிய ஐயாவின் குரல் அறைக்குள் வந்தது. யாரோ வந்து ஏதோ கேட்டிருக்கிறார்கள், அதற்குப் பதில்.

“பயமா இருக்குங்கியா?”

அவ்வளவுதான். அப்புறம் ஒன்றும் இல்லை.

வைகுண்டம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்புகூட இல்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணை மூடியிருந்தார். சுவர்க் கடிகாரம் எட்டரையைத் தாண்டிப் போனது. போச்சு, ஸ்டாப்பையும் பிடுங்கிவிட்டது, ஐயாவைப் பாதி வார்த்தையில் கொன்றுவிட்டேன் என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தார். அம்மா கண்ணைத் திறக்காமலேயே ஒரு விரலைத் தூக்கினார். வைகுண்டம் வாயை மூடினார். மூடிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. வேப்பமரத்தில் அணில் கத்துவது கேட்டது. பிச்சம்மாள் டம்ளர் அடுக்குவது கேட்டது. தன் மூச்சுச் சத்தம் கேட்டது.

“இருக்கட்டும்,” என்றது பெரிய ஐயாவின் குரல்.

வைகுண்டம் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார், சத்தம் வராமல்.

பிறகு அம்மா இன்னொரு வரி தட்டினார். டிஸ்கில் புதிதாக ஒரு ஃபைல் வந்தது. அளவு பூஜ்யம், பிடித்த இடம் இருபது. வைகுண்டம் அதைத் தூரத்தில் நின்றே பார்த்தார். பக்கத்தில் போகவே பயந்தார்.

ஒன்பது மணிக்கு அம்மா மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். குரல் எடுத்த எடுப்பில் வரவில்லை. ரெண்டு மடக்கு வெந்நீர் குடித்த பிறகு வந்தது. என்ன பேசினார் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம், அது அந்த ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. வைகுண்டம் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயும் நிற்கவில்லை. பதினோரு மணிக்குக் கார் வந்து ஹாரன் அடித்தது. அம்மா எழுந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆடி முடிந்து ஆவணி பிறந்த பிறகு அம்மா திரும்பி வந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி. ஆள் இளைத்திருந்தார். முகம் மட்டும் அப்படியே இருந்தது. டாக்டர் சொன்னபடி உயிர் நின்றது, குரல் போய்விட்டது. வந்த அன்றைக்கே இடுப்பில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு தோட்டத்து மோட்டாரைக் கழற்றப் போய்விட்டார்.

அந்த வாரம் குருபூஜை. யாரோ ஒருவர் கேமராவில் பூஜையை வீடியோ எடுத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். பிச்சம்மாளுக்குத் தன் முகம் அதில் நாலு இடத்தில் வருகிறது என்று ஒரே சந்தோஷம். “கம்ப்யூட்டர்ல ஏத்தி வைங்க அண்ணாச்சி” என்று பின்னாலேயே வந்தாள். வைகுண்டம் டிஸ்கைப் பார்த்தார். மற்ற இடத்தையெல்லாம் இதற்குள் ஆசிரமத்துக் காரியங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. அம்மாவின் கடைசிப் பேச்சு மட்டும் அப்படியே இருந்தது.

அளவு: ஒன்று.

பிடித்திருக்கும் இடம்: இருபது.

பத்தொன்பது ஜிபி சும்மா கிடந்தது. அதை விட்டுக் கொடுத்தால் வீடியோ ஏறிவிடும். வைகுண்டம் தொடவில்லை. இந்தத் தடவை கேட்டுவிட்டே செய்வது என்று அம்மாவைத் தேடிப் போனார்.

அம்மா கூடத்தில் இருந்தார். மைக்கும் அதற்கு முன்னால் போட்டிருந்த மணையும் அன்றைக்கு இருந்த இடத்திலேயே இருந்தன. எடுத்து வைக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

“அம்மா,” என்றார் வைகுண்டம். பார்வையை மணைக்குத் திருப்பிக்கொண்டார். ஒருவழியாகச் சொன்னார். “நீங்க பேசுறதுக்குன்னு பிடிச்சி வச்ச இடம் மிச்சம் நெறையக் கெடக்கும்மா. இனிமே… இனிமே அதுக்கு வேலை இல்லல்லா. விட்டுரலாமா?”

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். குரல் போன மனுஷியிடம் போய் இதைக் கேட்கலாமா?

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் வருத்தம் தெரியவில்லை. எழுந்து பக்கத்தில் வந்தார். வைகுண்டத்தின் தோளில் கிடந்த துண்டை உருவினார். உதறி, நாலாக மடித்து, மைக்குக்கு முன்னால் இருந்த அந்த மணையின்மேல் போட்டார். போட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

வைகுண்டம் அங்கேயே நின்றார். சர்வீஸில் எத்தனையோ துண்டை எடுத்து எறிந்த கை, இந்த ஒரு துண்டுக்குப் பக்கத்தில் போகவில்லை.

பிச்சம்மாள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள்.

“என்ன அண்ணாச்சி, அம்மா என்ன சொன்னாவ? அந்த இடம் காலிதான?”

“இல்ல தாயி,” என்றார் வைகுண்டம். “ஆள் வருது.”